விண்மலையன் பேசுகிற எபிசோட்

பத்தரைக்கு இன்னும் நாலு நிமிஷம் இருந்தது. டிவியில் ஒரு குழந்தை வாய் நிறைய நுரையோடு பல் தேய்த்துக்கொண்டு சிரித்தது. தில்லைநாயகி கணவரின் சக்கர நாற்காலியை டிவிக்கு நேராகத் திருப்பி, அவருடைய வலது கையை எடுத்து மடியில் இருந்த தலையணைமேல் வைத்தாள். அந்தக் கைக்குத் தானாக வந்து உட்காரத் தெரியாது, வைத்தால் வைத்த இடத்தில் கிடக்கும், ஏழு மாதமாக அப்படித்தான். இடது கை நன்றாக இருக்கிறது. அது சட்டையின் கடைசிப் பொத்தானைப் போடுவதும் அவிழ்ப்பதுமாக ஓயாமல் எதையாவது செய்துகொண்டிருக்கிறது. வாசல் பக்கம் ஒரு பெரிய பை தயாராக இருந்தது, எட்டு வேட்டி, ஆறு சட்டை, மாத்திரை டப்பா, டாக்டர் சீட்டுகள். பதினோரு மணிக்கு மகள் வானதி வண்டியோடு வந்துவிடுவாள். பெங்களூரிலிருந்து முந்தாநாள் வந்தவள், காலையிலேயே கிளம்பி, படப்பை பக்கத்தில் அவரைச் சேர்க்கப்போகிற பராமரிப்பு இல்லத்துக்குக் கொடுக்க வேண்டிய கடிதத்தை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். நடுவில் இருப்பது இந்த அரை மணி நேரம். நேற்று டேனியல் போன் பண்ணாமல் இருந்திருந்தால் இந்த அரை மணி நேரத்தையும் அவள் துணி மடித்தே ஓட்டியிருப்பாள். டேனியல் அந்தக் காலத்தில் டப்பிங் தியேட்டரில் சவுண்ட் இன்ஜினியர், இவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவான். "அக்கா, நாளைக்குப் பத்தரைக்கு அண்ணனோட விண்மலையன் போடறாங்க. அதுவும் எது தெரியுமா, அந்த அணைக்கட்டு எபிசோட். மொத்தத் தொடர்லயும் விண்மலையன் வாயைத் திறந்து பேசறது அது ஒண்ணுலதான். அண்ணனைப் பார்க்க வைங்க. சொந்தக் குரல் காதுல விழுந்தா என்னமாவது ஆகும்க்கா, யாருக்குத் தெரியும்." யாருக்குத் தெரியும் என்று அவளும் சொன்னாள். சொல்லிவிட்டுப் போனை வைத்தபோது தன் உள்ளங்கை வேர்த்திருப்பதைப் பார்த்தாள். ஆசையால் வேர்த்ததா, வேறு எதனாலோ வேர்த்ததா என்று அவள் அப்போது யோசிக்கவில்லை. இப்போதும் யோசிக்க வேண்டாம். பாட்டு ஆரம்பித்துவிட்டது.

வெள்ளி நிறத்தில் நாற்பது மாடி உயரத்துக்கு ஒருவன் மேகத்தைப் பிளந்துகொண்டு இறங்குகிறான், கீழே கார்கள் தீப்பெட்டி மாதிரி தெறிக்கின்றன. வெளிநாட்டுத் தொடர். இருபது வருஷத்துக்கு முன்னால் தமிழில் வந்தபோது இந்தத் தெருவில் குழந்தைகள் எல்லாம் சனிக்கிழமை காலையில் ஒரே மாதிரி கத்துவார்கள். அதெல்லாம் அட்டைக் கட்டடம், உள்ளே ரப்பர் உடுப்பு போட்டுக்கொண்டு ஆள்தான் நிற்கிறான் என்று அவர்தான் அவளுக்குச் சொன்னார். "நல்லா பாரு தில்லை, அரக்கன் திரும்பும்போது முதுகுல ஜிப்பு தெரியும்." அதற்குப் பிறகு அவளால் வேறெதையும் பார்க்க முடிந்ததில்லை, ஊர் எரியும், ஜனங்கள் ஓடுவார்கள், அவள் கண் ஜிப்பைத் தேடும். ஆள் குறைவு என்பதால் விண்மலையனுக்கும் அவரே, அரக்கர்களுக்கும் அவரே. காலையில் விண்மலையனுக்கு முக்கி முனகிவிட்டு, மத்தியானம் சாப்பிட்டு வந்து அரக்கனுக்கு உறுமுவார். "இன்னைக்கு என்னை நானே அடிச்சுக் கொன்னுட்டு வந்தேன்" என்று செருப்பைக் கழற்றும்போதே சொல்வார், அப்புறம் உப்புத் தண்ணீரில் தொண்டையைக் கொப்பளிக்கிற சத்தம் பாத்ரூமிலிருந்து கால் மணி நேரம் வரும். சில படங்களில் நாயகனின் அப்பா, சில படங்களில் நாயகனைக் கொல்ல வருகிறவன், மருந்து விளம்பரத்தில் டாக்டர், காண்டாமிருகம், நீதிபதி. முப்பத்தோரு வருஷம் சாலிகிராமத்து டப்பிங் தியேட்டர்களில் ரத்தினசபாபதி என்றால் குரல். முகத்தைத் தெரியாது ஒருவருக்கும். கடையில் பருப்பு வாங்கப் போய், ஒரு கிலோ என்று சொன்னதும் பக்கத்தில் நிற்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள், எங்கோ கேட்ட குரல் என்று நெற்றியைச் சுருக்குவார்கள். அவருக்கு அது போதும். அன்றைக்கு முழுக்க வீட்டில் சந்தோஷமாக இருப்பார். இப்போது திரையில் மழை பெய்கிறது, ஒரு பெரிய அணைக்கட்டு, காவலாளி குடையோடு மேலே நடக்கிறான், தண்ணீர் கறுப்பாக இருக்கிறது. தில்லை ஓரக்கண்ணால் அவரைப் பார்த்தாள். அவர் டிவியைப் பார்க்கவில்லை. பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தக் குரலைத்தான் அவள் முதலில் கல்யாணம் செய்துகொண்டாள் என்று அக்காமார்கள் கேலி செய்வார்கள். பெண் பார்க்க வருவதற்கு முன்பே சிதம்பரத்தில் எதிர்வீட்டுப் போனில் அவரோடு பேசியிருந்தாள், ரிசீவரைக் காதில் வைத்ததும் அடிவயிற்றில் ஏதோ இறங்கியது, இவ்வளவு பெரிய குரல் உள்ளவர் எவ்வளவு பெரிய ஆளாக இருப்பார் என்று பயந்துபோனாள், வந்து நின்றவர் அவள் தோளுக்குக் கொஞ்சம் மேலே இருந்தார். அதில் அவளுக்கு வருத்தம் இல்லை. வருத்தம் வேறு. வீட்டில் அவர் பேசியது எந்தக் குரல் என்று அவளுக்கு ஒருநாளும் தெளிவாகவில்லை. கோபம் வந்தால் வில்லன் குரல், கொஞ்ச வேண்டும் என்றால் ஒரு காதல் நாயகனின் குரல், காசாளரிடம் பேச ஒன்று, அவளுடைய அப்பாவிடம் பேச ஒன்று. ஒருமுறை, வானதி வயிற்றில் ஏழு மாதம், இரண்டு நாள் வீட்டுக்கு வராமல் எங்கோ போய்விட்டு வந்தவர், எங்கே என்று இன்றுவரை தெரியாது, கதவருகே நின்று ஒரு நடுங்கும் கிழவனின் குரலில், "இந்தப் பாவியை மன்னிச்சிடும்மா தாயே" என்றார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததும் விஷயம் முடிந்துவிட்டது. ராத்திரி படுத்த பிறகு மனசு எரிந்தது, "உங்க குரல்ல ஒரு தடவை சொல்லுங்களேன்" என்று இருட்டில் கேட்டாள். அவர் தூங்கிவிட்டாரா, தூங்குகிறவரின் மூச்சைப் பேசினாரா, தெரியவில்லை. அதுவும் அவருக்கு வரும், ஒரு படத்தில் பத்து நிமிஷம் கோமாவில் கிடக்கிறவனுக்கு மூச்சு கொடுத்தவர். அட, இதெல்லாம் எதற்கு இப்போது. இப்போது பார்க்க வேண்டியது, அவர் கேட்கிறாரா என்று. அணைக்கட்டில் தண்ணீர் குமிழ் விடுகிறது. காவலாளி குடையைப் போட்டுவிட்டு ஓடுகிறான். விளம்பரம். சோப்பு.

ஏழு மாதத்துக்கு முன்னால் சவரம் செய்துகொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். மூளையின் இடது பக்கத்தில் ரத்தக்குழாய் அடைப்பு, கை கால் போனது போலப் பேச்சும் போய்விட்டது என்றார்கள். ஸ்பீச் தெரபி பெண் வாரத்துக்கு மூன்று நாள் வந்தாள், சின்னப் பெண், பொறுமைசாலி, படம் போட்ட அட்டைகளை ஒவ்வொன்றாக அவர் முகத்துக்கு நேரே பிடிப்பாள். சீப்பு. குடை. மாடு. "அங்கிள், இது என்ன? மா... மா..." காண்டாமிருகத்துக்கும் நீதிபதிக்கும் வாய் கொடுத்தவர் மாட்டைப் பார்த்துக் கண்ணில் தண்ணீர் விடுவார். உதடு குவியும், கழுத்து நரம்பு புடைக்கும், வெளியே வருவது ஒரே சத்தம்தான், ங்ஆ, மூக்கும் தொண்டையும் சேர்ந்து இழுக்கிற ஒரு நீள ங்ஆ. பசித்தாலும் அதுதான், சிறுநீர் வந்தாலும் அதுதான், ஈ உட்கார்ந்தாலும் அதுதான். நாலு மாதம் பார்த்துவிட்டு அந்தப் பெண் தில்லையைச் சமையலறைக்குள் கூப்பிட்டுச் சொன்னாள், "ஆன்ட்டி, நான் உங்களுக்குப் பொய்யா நம்பிக்கை குடுக்கக் கூடாது. ஒரே ஒரு வார்த்தை தானா வந்துச்சுன்னாகூட உடனே எனக்கு போன் பண்ணுங்க, அதைப் பிடிச்சுக்கிட்டு மறுபடி ஆரம்பிச்சிடலாம். வரலைன்னா..." அந்த வாரத்தோடு அந்தப் பெண் வருவது நின்றது. அதற்குப் பிறகு மூன்று மாதம் தில்லை தனியாக அந்த ஒரு வார்த்தைக்குக் காத்திருந்தாள். தண்ணீர் கொடுக்கும்போது டம்ளரை எட்டப் பிடித்து, தண்ணின்னு சொல்லுங்க, த. படுக்கையில் புரட்டும்போது, தில்லைன்னு சொல்லுங்க, தி. அவர் பார்ப்பார். அந்தப் பார்வையில் எல்லாம் புரிகிற மாதிரி இருக்கும், அடுத்த நிமிஷம் சுவர்க் கடிகாரத்தையும் அதே மாதிரி பார்ப்பார்.

சேற்றரக்கன் எழுந்துவிட்டான். தண்ணீரைக் கிழித்துக்கொண்டு முதலில் முதுகு, அப்புறம் தலை, தலையில் தென்னங்கீற்று மாதிரி என்னவோ தொங்குகிறது, கண் இரண்டும் மஞ்சள் விளக்கு. அணை கட்டியபோது முழுகிப்போன ஒரு ஊரின் சேற்றிலிருந்து பிறந்தவன் என்று வெள்ளை உடுப்புப் போட்ட விஞ்ஞானி மேஜைமேல் வரைபடத்தை விரித்துச் சொல்கிறார். அவன் அழிப்பதற்காக வரவில்லை, நடக்கிறான், அவ்வளவுதான், நடக்கிற வழியில் பாலம் உடைகிறது, ரயில் கவிழ்கிறது. வாயைத் திறந்தான். ங்ஆ. தில்லை சட்டென்று அவர் பக்கம் திரும்பினாள். அதே சத்தம். மூக்கும் தொண்டையும் சேர்ந்து இழுக்கிற அதே நீளம், கடைசியில் உடைந்து இறங்குகிற அதே இறக்கம். இருபது வருஷத்துக்கு முன்னால் மத்தியானம் சாம்பார் சாதம் சாப்பிட்டுவிட்டுப் போய் மைக் முன்னால் நின்று அவர் கொடுத்த சத்தம். இவ்வளவு நாள் இதை எங்கே கேட்டிருக்கிறோம் என்று தெரியாமலே தினமும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். நாற்காலியில் பொத்தானோடு விளையாடின விரல் நின்றது. அவர் தலை மெதுவாக நிமிர்ந்தது. டிவியைப் பார்த்தார். "ங்ஆ" என்றார். அங்கே அரக்கன் ங்ஆ என்றான். இங்கே இவர் ங்ஆ என்றார், கேள்விக்குப் பதில் சொல்கிறவர் மாதிரி, தெருமுனையில் ஊர்க்காரனைப் பார்த்துவிட்டவர் மாதிரி. அவள் அவருடைய முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். "என்னங்க, தெரியுதா, அது நீங்கதாங்க, உங்க குரல்ங்க." அவர் அவளைப் பார்க்கவில்லை. கண்ணில் ஒரு ஈரமும் வெளிச்சமும் இருந்தது, ஏழு மாதத்தில் அவள் பார்க்காத வெளிச்சம், அதைப் பார்த்ததும் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது. வந்து தொண்டைவரை ஏறுவதற்குள் அதன் காலைப் பிடித்து இன்னொன்று இழுத்தது. செவ்வாய்க்கிழமை. இவருக்குப் பேச்சு வந்துவிட்டால்.

செவ்வாய்க்கிழமை கரண்ட் இல்லை. அதைக் காரணமாகச் சொல்ல முடியுமா? மின்விசிறி இல்லை, வெயில், கீழே ரோட்டில் குழாய் பதிக்கிறோம் என்று கான்கிரீட்டை உடைக்கிற சத்தம் காலை ஏழு மணியிலிருந்து. அவர் சாப்பிடவில்லை. ரசம் சாதத்தைக் குழைத்து ஊட்டினால் வாங்கிக்கொள்கிறார், விழுங்காமல் கன்னத்தில் அடக்கி வைத்துக்கொள்கிறார், முக்கால் மணி நேரம், புரையேறிவிடும் என்று விரலை விட்டு அவள்தான் எடுக்க வேண்டியிருந்தது. எடுத்துத் துடைத்து முடித்ததும் ஆரம்பித்தார். ங்ஆ. என்னங்க வேணும்? ங்ஆ. தண்ணியா? பாத்ரூமா? முதுகு வலிக்குதா? வலி மாத்திரை கொடுத்தாள், புரட்டிப் போட்டாள், ஜன்னலைத் திறந்தாள், மூடினாள். ங்ஆ, ங்ஆ, ங்ஆ, ஒன்பது மணியிலிருந்து பன்னிரண்டு மணிவரை, ஒரு நிமிஷத்துக்கு நாலு தடவை. "வாயை மூடுங்க" என்று கத்தினாள். பேச்சே போய்விட்ட மனுஷனைப் பார்த்து வாயை மூடுங்க என்று கத்தினாள். அப்புறம் அறைந்தாள். இப்படிச் சொன்னால் ஏதோ நடுவில் ஒரு நேரம் இருந்த மாதிரி, அவள் யோசித்த மாதிரி தோன்றுகிறது, அப்படி இல்லை, கை போய்விட்டு வந்துவிட்டது. உணர்ச்சி இல்லாத பக்கம் பட்டிருந்தால் என்று எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்துவிட்டாள். பட்டிருக்காது. எதிரில் நின்று வலது கையால் அறைந்தால் இடது கன்னத்தில்தான் விழும், இடது கன்னம் அவருக்கு நன்றாக இருக்கிறது. சத்தம் நின்றது. அவர் அவளைப் பார்த்தார். அவளுக்கு மறக்க முடியாதது அந்தப் பார்வை இல்லை, அதற்குப் பின்னால் நடந்ததுதான். அவள் சமையலறைக்குப் போய் காபி போட்டாள். உட்கார்ந்து, சூடு ஆறுவதற்குள், கடைசிச் சொட்டுவரை நிம்மதியாகக் குடித்தாள். வீடு அவ்வளவு அமைதியாக இருந்தது. அப்போது தோன்றிய முதல் எண்ணம், சாமி சத்தியமாக முதல் எண்ணம், இவரால் யாரிடமும் சொல்ல முடியாது.

முப்பத்தாறு வருஷத்தில் ஒரு எறும்பை நசுக்கக் கை கூசுகிறவள் என்று பேர் வாங்கியவள். ஒரு தடவை நடந்தது, ஆத்திரம், மனுஷிதானே, என்று வியாழக்கிழமைக்குள் ஒருமாதிரி மனசைச் சமாதானப்படுத்தியிருந்தாள். வெள்ளிக்கிழமை காலையில் அவர் நெற்றியில் விபூதி பூசக் கையைத் தூக்கினாள். அவர் தலையைக் குனிந்து, தோளை ஏற்றி, நன்றாக இருக்கிற அந்த இடது கையை முகத்துக்குக் குறுக்கே கொண்டுவந்தார். விபூதி தரையில் கொட்டியது. அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம்தான் வானதிக்குப் போன் பண்ணினாள். "என்னால முடியலைடி, முட்டி ரெண்டும் போயிடுச்சு, அவரைத் தூக்க முடியலை, நீ சொன்னியே அந்த இடம், அங்கேயே பார்த்துடு." வானதி போனில் அழுதாள். தன்னால் வேலையை விட்டுவிட்டு வர முடியவில்லையே என்று அழுதாள், அம்மாவை இவ்வளவு நாள் தனியாகக் கஷ்டப்பட விட்டுவிட்டோமே என்று அழுதாள். முந்தாநாள் வந்து இறங்கியதும் முட்டிக்குத் தைலம் தேய்த்துவிட்டாள். "உன் கையில அப்பா எப்படி இருந்தாரும்மா, படுக்கைப் புண் ஒண்ணுகூட இல்லை, உன்ன மாதிரி யாரு பார்த்துப்பாங்க" என்று சொல்லிக்கொண்டே தேய்த்தாள். தில்லை முட்டியைக் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முட்டி வலிப்பது உண்மைதான். நல்லவேளை, அது உண்மையாக இருந்தது. நேற்று ராத்திரி வானதி இன்னொன்றும் சொன்னாள், "போறதுக்கு முன்னாடி அப்பா ஒரு வார்த்தை பேசிட்டார்னா நான் விட மாட்டேம்மா. லீவு போட்டு இங்கயே உக்காந்துடுவேன், ஒரு மாசம், அப்புறம் நீ பார்த்துக்கோ, அந்தத் தெரபி பொண்ணை மறுபடி வரச் சொல்லலாம்." அப்புறம் நீ பார்த்துக்கோ. ஒரு மாசம் கழித்து மறுபடியும் இந்த அறை, இந்த நாற்காலி, இந்தக் கை. அப்படியானால் டேனியல் சொன்னதைக் கேட்டு ஏன் டிவியைப் போட்டாள்? போடாமல் இருந்திருக்கலாமே, ரிமோட்டில் பேட்டரி இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருக்கலாமே. வார்த்தை வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டேதான் போட்டாள். வரக் கூடாது என்றும் வேண்டிக்கொண்டேதான். இரண்டையும் ஒரே சாமியிடம் கேட்டாள், அது எதைக் கேட்கும்?

வந்துவிட்டான். மேகம் பிளந்தது, வெள்ளிக் கால் இரண்டும் நெல் வயலில் ஊன்றின, தண்ணீர் மாடி உயரத்துக்குத் தெறித்தது. மற்ற எபிசோடுகளில் இறங்கியதும் அடிதான். இதில் அவன் கையை உயர்த்தி நிறுத்தினான். அரக்கனும் நின்றான். மழை. அவள் தன்னை அறியாமல் டிவி சத்தத்தைக் கூட்டினாள். "நில்" என்றது குரல். அடிவயிற்றில் ஏதோ இறங்கியது, எதிர்வீட்டு ரிசீவரில் இறங்கியது போலவே, அறுபத்திரண்டு வயதில். "உன் ஊர் நீருக்குள் போனது எனக்குத் தெரியும். அது திரும்பி வராது. நீ போகிற வழியில் மனிதர்கள் இருக்கிறார்கள். திரும்பிப் போய்விடு. உன்னைக் கொல்ல எனக்கு விருப்பமில்லை." உதடே இல்லாத முகமூடி, உதட்டுக்குப் பொருத்திப் பேச வேண்டிய கட்டாயம் இல்லை, அதனால் அன்றைக்கு அவர் அவசரப்படாமல், எவரைப் போலவும் பேசாமல், நிறுத்தி நிறுத்திப் பேசியிருந்தார். வில்லன் இல்லை, கிழவன் இல்லை, நீதிபதி இல்லை. தில்லை இந்தக் குரலைக் கேட்டதே இல்லை. இதுதானா? வீட்டுக்கு ஒருநாளும் கொண்டு வராமல், இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு ரப்பர் பொம்மைக்குள் விட்டுவிட்டு வந்தது இதுதானா? அரக்கன் ங்ஆ என்றான். திரும்பவில்லை, நடந்தான். "போகாதே" என்றது குரல், கொஞ்சம் உடைந்து. அப்புறம் உள்ளங்கைகளிலிருந்து வெளிச்சம் வந்தது. அரக்கன் நின்ற இடத்திலேயே சேறாக வழிந்து, முட்டிவரை, இடுப்புவரை, கழுத்துவரை, கண் இரண்டும் கடைசியாக அணைந்தன. இசை இல்லை. மழைச் சத்தம் மட்டும்தான்.

"யாரு?"

முதலில் டிவி என்றுதான் நினைத்தாள். வயலில் ஒரு பெண் ஓடிவந்துகொண்டிருந்தாள், அவள் கேட்டதோ என்று. திரும்பினாள். அவர் வலது உதடு கோணிக்கொண்டு, எச்சில் கோடு இறங்கிக்கொண்டு, திரையில் நின்ற வெள்ளி மனிதனைப் பார்த்து, "யாரு?" என்றார். தெளிவாக. ய, ர, கடைசியில் அந்த உகரம்கூட. தில்லை எழுந்துவிட்டாள், முட்டி வலித்ததா என்று தெரியவில்லை, நாற்காலிக்கு எதிரில் தரையில் உட்கார்ந்து அவர் இடது கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்கதாங்க. அது நீங்கதான். சபாபதி. உங்க குரல்ங்க அது, விண்மலையன், நீங்க பேசினது, டேனியல் ரெக்கார்ட் பண்ணானே." அவர் கையை உருவிக்கொண்டார். இல்லை என்கிற மாதிரி அந்தக் கையை இப்படியும் அப்படியும் ஆட்டினார், கோபத்தோடு, பொய் சொல்கிற குழந்தையை அடக்குகிற மாதிரி. அரக்கனைத் தெரிந்திருந்தது. இவனைத் தெரியவில்லை. திரையில் வெள்ளி மனிதன் வானத்தை நோக்கிக் கிளம்பிவிட்டான், புள்ளியாகி மறைந்துவிட்டான், அவர் கண் மெதுவாகக் கீழே இறங்கி அவள் முகத்தில் வந்து நின்றது. நெற்றி, கண், மூக்குத்தி, வாய் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். "யாரு?" என்றார். அவள் வாயைத் திறந்தாள். நான்தாங்க தில்லை. இரண்டு வார்த்தை. முப்பத்தாறு வருஷமாகக் கதவைத் தட்டி, போனில், இருட்டில், எத்தனை ஆயிரம் தடவை சொன்னது. யாரென்று கேட்கிறாரா, இல்லை, அன்றைக்கு அறைந்தது யாரென்று கேட்கிறாரா, இல்லை, நீ எப்படிப்பட்டவள் என்று கேட்கிறாரா, இல்லை, மூளையில் ஒரு கதவு தற்செயலாகத் திறந்து இந்த ஒரு வார்த்தை விழுந்துவிட்டதா, மாட்டுப் படத்தைக் காட்டினால் அதையும் யாரு என்பாரா? நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இவ்வளவு நாள் அவருக்கு இப்படித்தான் இருந்ததா? "நான்..." என்றாள். அழைப்பு மணி அடித்தது.

வானதி கையில் கவரோடு வியர்த்து நின்றாள், பின்னால் இல்லத்திலிருந்து வந்த ஆள் ஒருவர், வெள்ளைச் சட்டை, பணிவான முகம். "வண்டி கீழ நிக்குதும்மா, டிராஃபிக்குக்கு முன்னாடி கிளம்பணுமாம்" என்று உள்ளே வந்தவள் டிவியைப் பார்த்தாள். பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. "அய்யோ, முடிஞ்சிடுச்சா? அப்பா பார்த்தாரா? ஏதாவது சொன்னாராம்மா?" அவள் முகத்தில் இருந்த ஆவலைப் பார்க்கத் தில்லையால் முடியவில்லை. அந்த முகம் அப்படியே மலர்ந்து, அய்யோ அப்பா என்று கட்டிப்பிடித்து, அந்த ஆளைத் திருப்பி அனுப்பி, பையைப் பிரித்து வேட்டிகளை மறுபடி அலமாரியில் அடுக்கி, ஒரு மாசம் கழித்துப் பெங்களூர் பஸ்ஸில் ஏறிக் கையசைக்கிறவரைக்கும் முழுக்க ஒரு நொடியில் தெரிந்தது. அதற்குப் பிறகு வரப்போகிற ஒரு மத்தியானமும் தெரிந்தது.

"இல்லைடி" என்றாள் தில்லை. "ஒண்ணும் சொல்லலை."

நாற்காலியிலிருந்து அவர் அவளைப் பார்த்தார். உதடு குவிந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. தில்லை மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள், வானதி கண்ணைத் துடைத்துக்கொண்டு மாத்திரை டப்பாவைப் பையில் சரிபார்த்துக்கொண்டிருந்தாள், இரண்டு நொடி, மூன்று நொடி. அவர் வாயை மூடிக்கொண்டார். வந்த ஆள் நாற்காலியைப் பதமாகத் திருப்பினார். "நீ கீழ வராதம்மா, முட்டி இன்னும் மோசமாயிடும், நான் சேர்த்துட்டுப் போன் பண்றேன்" என்று வானதி அவள் தோளைத் தொட்டுவிட்டு முன்னால் போய் லிஃப்ட் பட்டனை அழுத்தினாள். நாற்காலியைப் பின்பக்கமாக இழுத்துக்கொண்டு உள்ளே போனார்கள், அதனால் அவர் முகம் வாசலைப் பார்த்தபடி இருந்தது. கதவு இரண்டு பக்கமிருந்தும் வந்து சேருகிறவரைக்கும் அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார், யாரென்று தெரிந்துகொண்டவர் பார்க்கிற மாதிரி.